வாசிக்காமல் ஒதுக்கிய மனுக்கள்

சென்ற மாதம் ஓர் இளம் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். ஜெர்மனியின் டோர்ட்மண்டில் நான் விட்டுவிட்டு வந்த தமிழ் வகுப்புகளில் இரண்டை இப்போது அவர்தான் எடுக்கிறார். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். முதலில் என் நெஞ்சு நோவைப் பற்றி விசாரித்தார், பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ரீச்சர், பெற்றோர் சண்டைக்கு வாற தலைப்புகள் எதெண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன். நான் அதுகளை விட்டிட்டு நடத்துறன்."

"பிறகு எடுக்கிறன் பிள்ளை" என்று வைத்துவிட்டேன். எனக்குக் கோபம்தான். அவர் மேல் அல்ல. இப்படி ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மேல்.

நான் யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவள். அகதியாக இங்கே வந்து, மருத்துவமனைச் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டே டொச்சு என்னும் ஜெர்மன் மொழி படித்தேன். பிறகு இந்த மாநில அரசு வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக நடத்தும் தாய்மொழி வகுப்புகளில் தமிழ் ஆசிரியையானேன். பள்ளிக்கூடம் விட்டபின், மேசைமேல் கதிரைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன வகுப்பறைகளில், மூன்று பள்ளிக்கூடங்களில் மாறி மாறிப் படிப்பித்தேன். உடம்பு ஏலாமல் போய் ஐம்பத்தைந்து வயதிலேயே ஓய்வுக்குப் போனது சென்ற ஆண்டு. என் வேலை வாழ்க்கையை இதற்குமேல் நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரு தேர்வைப் பற்றி மட்டும் எழுத வேண்டும்.

பத்தாம் வகுப்பு முடிவில் தாய்மொழித் தேர்வு ஒன்று உண்டு. அந்த மதிப்பெண்ணை வேறொரு அந்நிய மொழியின் மதிப்பெண்ணுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சில் வழுக்கும் பிள்ளைக்குத் தமிழ் கைகொடுத்தால், பல்கலைக்கழகம்வரை போகும் மேல்வகுப்புக்குப் போகலாம். கைகொடுக்காவிட்டால் போக முடியாது. எழுத்துத் தேர்வு ஒன்று, வாய்மொழித் தேர்வு ஒன்று. வாய்மொழித் தேர்வில் மூன்று பேர் உட்காருவோம். படிப்பித்த ஆசிரியர் கேள்வி கேட்பார். வேறு நகரத்து ஆசிரியர் ஒருவர் குறிப்பெடுப்பார். தலைமைக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது. பிள்ளை தான் தேர்ந்தெடுத்த தலைப்பில் பேசும், கேள்விகளுக்குப் பதில் சொல்லும். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்தத் தலைப்பு உனக்கு ஏன் முக்கியம்? அநேகமான பிள்ளைகள் "நல்ல தலைப்பு, அதால" என்று சொல்லிவிட்டு எழும்பி ஓடும்.

அந்த ஆண்டுகளில் தலைமைக்கு வந்தவர் ஃபிராவ் ஹெல்விக் என்ற டொச்சுப் பெண்மணி. உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் குப்புற வைப்பார். பிள்ளை பேசும்போது, விளங்காத மொழியென்றாலும், அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கேட்டதற்கு நாங்கள் பதில் சொல்லாமல் விளக்கம் சொல்லத் தொடங்கினால் பேனாவை மூடிவிடுவார். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். நேரான பதில் வரும்வரை அந்த மூடி திறக்காது. முதல் இரண்டு ஆண்டும் அவரிடம் எனக்குப் பயம். பிறகு அந்த மூடியின் சத்தத்துக்காகவே அவரை மதிக்கத் தொடங்கினேன்.

குறிப்பெடுக்க டுசல்டோர்ஃப் பக்கமிருந்து ஒருவர் வருவார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். நல்ல தமிழறிவு. பிள்ளைகளுக்கு இனிப்பு கொண்டுவருவார். அதையும் சொல்ல வேண்டும்.

நான் எழுத வந்தது என் மாணவி தர்சிகாவின் தேர்வைப் பற்றி. அவளுக்குப் பிரெஞ்சு வரவே வராது. தமிழில் நல்ல மதிப்பெண் எடுத்தால்தான் மேல்வகுப்பு. அவள் எடுத்த தலைப்பு, அமெரிக்கா உள்நாட்டுப் போருக்கு முன் அடிமை முறையால் எப்படி இரண்டாகப் பிரிந்தது என்பது. பள்ளி வரலாற்று வகுப்பில் அதைப் படித்திருந்தாள்.

"ஏன் பிள்ளை, தீபாவளி, பொங்கல் எண்டு எடுத்தா லேசெல்லோ?" என்று நான்தான் கேட்டேன்.

"தீபாவளியைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது ரீச்சர். இது தெரியும்" என்றாள்.

நாலைந்து கிழமை அவளுடன் உட்கார்ந்தேன். சொற்கள் தேடிக் கொடுத்தேன், கருத்து அவளுடையது. போரையும் தளபதிகளையும் அவள் தொடவேயில்லை. அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகள்தான் அவளுக்கு வேண்டியிருந்தன. புதிதாக ஒரு மாநிலம் சேரும்போதெல்லாம் அங்கே அடிமை வைக்கலாமா கூடாதா என்று சண்டை வந்ததையும், வரைபடத்தில் ஒரு கோட்டைக் கீறி இந்தப் பக்கம் ஆகும், அந்தப் பக்கம் ஆகாது என்று பெரியவர்கள் சமாளித்ததையும் சொன்னாள். அடிமை முறையை நிறுத்துங்கள் என்று பெண்களும் தேவாலயக்காரர்களும் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுக்களைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரலே மாறும்.

"அதுகளை வாசிக்கவே கூடாதெண்டு ஒரு விதி போட்டவை ரீச்சர். மனு வரும். வாசிக்காமல் அப்பிடியே ஒதுக்கி வைக்கிறது. வருசக் கணக்கா. ஏனெண்டு கேட்டா, வாசிச்சா நாடு உடைஞ்சிடுமாம்."

"பிறகு?"

"வாசிக்கேல்லை. நாடு உடைஞ்சது."

வரலாறு அவ்வளவு சுருக்கமில்லை, பருத்தியும் பணமும் அதிகாரமும் இருக்கின்றன என்று நான் சொன்னேன். அவள் அதையும் சேர்த்துக்கொண்டாள். ஆனால் அந்த வரியை விடமாட்டேன் என்றாள்.

ஒரு திருச்சபை பிளந்த கதையும் அதில் இருந்தது. பிஷப் ஒருவரிடம் அடிமைகள் இருக்கலாமா என்று அமெரிக்காவில் பெரிய சபையொன்று இரண்டாகப் போனது. அந்தப் பிஷப், நான் யாரையும் விலைக்கு வாங்கவில்லை, உரித்தாகவும் மனைவி வழியாகவும் வந்தவர்கள்தான் என்று சொன்னாராம்.

"சீதனம் மாதிரி, என்ன ரீச்சர்?" என்றாள்.

ஒல்லாந்தர் காலத்தில் எழுதிவைத்த எங்கள் தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. காணியோடும் நகையோடும் அடிமைகளையும் சீதனமாகக் கொடுத்த ஊர் எங்களுடையது. நான் பட்டப்படிப்பில் படித்தது அது. அவளிடம் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. அவளாகவே அந்த இடத்துக்கு வந்துவிட்டாள்.

தேர்வு நாளன்று தர்சிகா நன்றாகப் பேசினாள். 'சீதனம் மாதிரி' என்றபோது மாஸ்டரின் பேனா நின்றது. நான் கவனித்தேன். தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வடக்கில் இருந்தவர்களும் உதவ வேண்டும் என்று வந்த சட்டத்தைப் பற்றி மாஸ்டரே ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்விதான். அவள் சொன்னாள்:

"அதுவரைக்கும் வடக்கில கனபேர், அது தெற்குக்காரற்ற பிரச்சினை எண்டு இருந்தவை. சட்டம் வந்தோடன தங்கட தெருவிலேயே ஆளைப் பிடிச்சுக்கொண்டு போறதைக் கண்டவை. பிறகு, தெரியாது எண்டு சொல்ல ஏலாமல் போச்சுது."

நான் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். இது உமக்கு ஏன் முக்கியம்?

"போன லீவுக்கு நாங்கள் யாழ்ப்பாணம் போனனாங்கள்" என்று தொடங்கினாள்.

அது இலங்கையில் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். பாதை திறந்திருந்ததால் எல்லோரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வந்தார்கள். பெரியம்மாவின் வீட்டுக்கு வேலைக்கு ஒரு வயதான அம்மா பின்பக்கத்தால் வந்தாராம். தேத்தண்ணி கொடுத்தபோது நிலத்தில் குந்தியிருந்து குடித்தாராம். இவள் உள்ளே ஓடி ஒரு கதிரை கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அந்த அம்மா இருக்க மாட்டேன் என்றாராம். இவள் கையைப் பிடித்து இருத்திவிட்டாள்.

"வீட்டில எல்லாரும் பேசாமல் நிண்டவை. அவ உடனே எழும்பிப் போயிட்டா. பிறகு பெரியம்மா அந்தக் கதிரையைக் கிணத்தடிக்குக் கொண்டு போய்க் கழுவினா. ஏனெண்டு கேட்டனான். இவையின்ர ஆக்கள் முந்தி எங்கட வீட்டு அடிமைகள் எண்டு சொல்லிச்சினம். அதான் எனக்கு இது முக்கியம்."

அவளை வெளியே போகச் சொன்னோம். கதவு மூடுமுன்னே மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன ரீச்சர் இது? பிள்ளையளுக்கு இதைத்தானோ படிப்பிக்கிறியள்?"

"அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவள், மாஸ்டர்."

"ஒரு வெள்ளைக்காரிக்கு முன்னால! நாடு கிடக்கிற கிடையில எங்கட சனத்துக்குள்ள பிளவு கொண்டு வாறதோ? இப்பவோ இதுக்கு நேரம்?"

ஃபிராவ் ஹெல்விக் பேனாவை மூடினார். "எனக்கு விளங்கும் மொழியில் பேசுங்கள்" என்றார்.

மாஸ்டர் டொச்சில் சொன்னார்: மாணவி தலைப்பை விட்டு விலகிவிட்டாள், குடும்பக் கதை பேசினாள், அதுவும் பொய், தமிழரிடையே அப்படி ஒன்றும் இல்லை, தேர்ச்சி கொடுக்க முடியாது.

"மாணவி என்ன சொன்னாள்?" என்று ஃபிராவ் ஹெல்விக் கேட்டார்.

"உறவினர் வீட்டுக்குப் போனதைச் சொன்னாள்" என்றார் மாஸ்டர்.

அவர் என்னைப் பார்த்தார். நான் வரி வரியாக மொழிபெயர்த்தேன். கதிரையையும் கிணற்றடியையும் அடிமைகள் என்ற சொல்லையும் விடவில்லை.

மூடி திறக்கவில்லை. "நான் இரண்டு வேறு பதில்களைக் கேட்டிருக்கிறேன். அவளைக் கூப்பிடுங்கள். எனக்கு விளங்கும்படி அவளே சொல்லட்டும்" என்றார்.

மாஸ்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழும்பி வெளியே போனார். நான் மேசையில் கிடந்த தாள்களை ஒழுங்குபடுத்திவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தபோது, தாழ்வாரத்தில் தர்சிகாவின் தாய் மகளின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் யன்னலோரம் நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார் என்பது தெரிந்தது.

"உள்ள போய்ச் சொல்லு. எனக்குத் தமிழ் வடிவா வராது, பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லு."

"அப்பிடிச் சொன்னா பெயில், அக்கா. இது தமிழ்ச் சோதினை" என்றேன்.

"பெயில் ஆனா என்ன ரீச்சர்? வாற வருசம் எடுக்கலாம். போன பேரை எடுக்கலாமோ?"

"அவளுக்கு மேல்வகுப்பு இல்லாமல் போயிடும்."

"உங்களுக்கு லேசு. உங்கட வீட்டுக் கதையில்லையே."

தர்சிகா தாயின் கையை மெல்ல விலக்கினாள். அழவில்லை. "நான் வாறன் ரீச்சர்" என்றாள், அவ்வளவுதான்.

உள்ளே டொச்சில் பேசினாள். முன்பு சொன்ன அதே ஒழுங்கில், கதிரை கொண்டுவந்தது, இருத்தியது, எல்லோரும் பேசாமல் நின்றது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். என் நெஞ்சு ஆறுதலடைந்தது. அப்போது அவள் நிறுத்தினாள்.

"ஒன்றைத் திருத்த வேண்டும். தமிழில் பேசும்போது பெரியம்மா கழுவினார் என்று சொன்னேன். அது சரியில்லை. கழுவியது என் அம்மா. இந்த இரண்டு பேருக்கும் அம்மாவைத் தெரியும். அதனால்தான் மாற்றிச் சொன்னேன்."

மாஸ்டர் கதிரையில் நகர்ந்தார். "பார்த்தீர்களா, பொய் சொன்னாள்" என்றார்.

"ஆமாம். இப்போது திருத்திவிட்டாள்" என்றார் ஃபிராவ் ஹெல்விக். பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

மதிப்பெண் 'நன்று'. மாஸ்டர் உடன்படவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அவர் எழுதியதை ஃபிராவ் ஹெல்விக் அவர் முன்னாலேயே முழுவதும் உரக்க வாசித்துவிட்டு, பிறகுதான் கோப்பில் சேர்த்தார். கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த கிழமையே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. பேர் சொன்னவர்களும் உண்டு, சொல்லாதவர்களும் உண்டு. "நீங்கள் ஊரில எந்தப் பகுதி எண்டு விசாரிச்சனாங்கள் ரீச்சர்" என்றார் ஒருவர். பகுதி என்று அவர் சொன்னது சாதியை. இன்னொரு பெண்குரல் மிகவும் கனிவாகச் சொன்னது: "உங்களுக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கெல்லோ? நாளைக்கு ஒரு இடத்தில இருந்து கலியாணம் கேட்டு வர வேணும். யோசிச்சு நடவுங்கோ."

என் மகள் அபிக்கு அப்போது பதினைந்து வயது. தர்சிகாவின் வகுப்புத்தான். பக்கத்து அறையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். ரிசீவரை வைத்துவிட்டு அவள் அறைக் கதவை மூடினேன். இன்றைக்கும் வீட்டில் தொலைபேசி அடித்தால் அந்தக் கதவுப் பக்கம் என் கண் போகிறது. அபி வேறு நகரத்தில் படிக்கப் போய்விட்டாள், ஆனாலும் போகிறது.

நான் எந்தப் பகுதி என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றை எழுதினால், தன் ஆட்களுக்காகக் கத்துகிறாள் என்பீர்கள். மற்றதை எழுதினால், எவ்வளவு பெரிய மனசு என்பீர்கள். இரண்டும் எனக்கு வேண்டாம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். வகுப்பு நடத்தத் தேவையான அளவு பிள்ளைகள் இல்லாமல் போக, வகுப்பை மூடினார்கள். விளக்கம் கேட்க ஒரு பெற்றோர் கூட்டம் நடந்தது. "உலகமே எங்களைப் பாத்துக்கொண்டிருக்கேக்க..." என்று ஒரு தகப்பன் எழும்பினார். அந்த வரியை எத்தனை தரம் கேட்டுவிட்டேன்! பேச்சுவார்த்தை நடந்தபோது, சமாதானம் வரட்டும், இப்ப வேண்டாம் என்றார்கள். திரும்பச் சண்டை தொடங்கியபோது, சனம் சாகுது, இப்ப வேண்டாம் என்றார்கள். இந்த ஆண்டு சண்டையெல்லாம் முடிந்து, உறவுகளை முகாம்களுக்குள் தேடிக்கொண்டிருக்கிறோம், இப்போதும் அதேதான். சாவு எனக்கு விளங்காததா? என் அண்ணாவின் குடும்பத்தைப் பற்றி இன்னும் ஒரு செய்தியும் இல்லை. ஆனால் கேட்கிறேன், முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போதும் முள்ளுக்கம்பிக்குள்ளே யார் என்ன ஆட்கள் என்று விசாரிக்க மட்டும் எங்களுக்கு நேரம் இருக்கிறதே, அது எப்படி? பிளவு கதிரையைக் கொண்டுவந்து வைத்த பிள்ளையால் வந்ததா?

அமெரிக்க நாடாளுமன்றத்தில் அந்த விதியைப் போட்டவர்களும் கெட்ட குரலில் பேசியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒற்றுமை, அமைதி, பொறுமை என்றெல்லாம் சொல்லித்தான் மனுக்களை ஒதுக்கியிருப்பார்கள். பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தும் இருப்பார்கள்.

தர்சிகா மேல்வகுப்புக்குப் போனாள். அதற்குப் பிறகு அவளை நான் அதிகம் காணவில்லை. அபியிடம் கேட்டால் "நல்லாப் படிக்கிறாள்" என்பாள். ஏறக்குறைய ஓராண்டு கழித்து, எங்கள் பக்கத்து டொச்சுக்காரர் கடையொன்றில் காசு கட்டும் வரிசையில் அவளுடைய தாய் எனக்கு முன்னால் நின்றார். நான் வணக்கம் சொன்னேன். அவர் திரும்பவில்லை. காசு கட்டி முடித்துப் பொருட்களைப் பைக்குள் போடும்போதுதான் பேசினார்.

"சந்தோசமோ ரீச்சர்?"

"என்ன அக்கா?"

"உங்கட சோதினை பாஸ் பண்ணின நாளில இருந்து அவள் வீட்டில தமிழ் கதைக்கிறேல்லை. என்ன கேட்டாலும் டொச்சுத்தான். தகப்பனோடயும் அப்பிடித்தான். தமிழுக்கு 'நன்று' எடுத்த பிள்ளை! நீங்கள்தான் அவளின்ர வாயில இருந்து தமிழைப் பிடுங்கினனீங்கள்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பாணும் பாலும் ஓடிவரும் காசாளர் மேசைப் பட்டைக்குப் பக்கத்தில் நின்று சத்தம் போடக் கூடாது என்று அடக்கினேன்.

"அவள் உங்களை ஒண்டு கேட்டவளெல்லோ அக்கா, கிணத்தடியில, ஏன் கழுவினனீங்கள் எண்டு. அதுக்கு மறுமொழி சொன்னனீங்களோ?"

அவர் பால் பெட்டியைப் பைக்குள் திணித்தார்.

"அது பிழை எண்டு ஒருக்கால் அவளுக்குச் சொல்லுங்கோ. தமிழில சொல்லுங்கோ."

அவருடைய முகத்தில் ஏதோ இளகியது போலிருந்தது. வாயைத் திறந்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, எங்களுக்குப் பின்னால் வரிசையில் தமிழர் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.